பண்டத்தின் வடிவமும் கல்லூரிப் படிப்பும்



"மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கணக்குப் படி என்றால் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறான். படம் வரைந்தா பிழைக்க முடியும்?" இவ்விதம் நம் வியாபாரிகள் வருந்திக் கேட்பதுண்டு. மகளாயிருந்தால் வருத்தம் இரட்டிப்பு. ஆகவே அப்படிப்பு யாதென்று சற்று விரிவாக ஆராய்வோம்.

டிசைன் என்பது ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னரே, அது யார் கைக்குப் போகும், எந்தச் சரக்கால் செய்யலாம், என்ன அடக்கமாகும், எப்படி இருந்தால் வாங்குபவர் மனம் கொள்ளும் என்று தீர்மானிப்பதாகும். படம் வரைவது அத்தீர்மானத்தைப் பிறருக்குக் காட்டும் வழி மட்டுமே. துணி, பீங்கான், நாற்காலி, மருந்துப் பெட்டி, கடைப் பலகை யாவும் இதில் அடங்கும். இவற்றைப் பயன்கலை என்று சொல்லலாம்.

இது நமக்குப் புதிதன்று. மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலேக்காட்' என்று பெயர். பெலேக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை நம் முன்னோரான மரைக்காயர்களும் பிற வணிகரும் இத்தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். இங்கு எந்த நிறம் விலை போகும், எந்தக் கட்டம் தேங்கும் என்பது தறியில் இருந்தவருக்குத் தெரியாது; கடையில் இருந்தவருக்கே தெரியும். டச்சுக் கம்பெனியார் இப்பக்கத்து ருசிக்கேற்ற மாதிரித் துணிகளை அனுப்பி அவ்வண்ணமே நெய்யச் சொன்னதாகச் சரித்திரம் கூறுகின்றது. அந்த மாதிரித் துண்டுதான் டிசைன். பட்டம் ஒன்றும் அன்று கிடைக்கவில்லை, அவ்வளவே!

இனி கல்லூரிக்கு வருவோம். சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்பு அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று வழங்குவது அதுவே. அங்கே 1898இல் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பவர் அலுமினியத்தில் சமையல் பாத்திரம் செய்து பார்த்தார். பித்தளைக்கும் செம்புக்கும் அடிக்கடி ஈயம் பூச வேண்டும். இதற்கு வேண்டியதில்லை, எடையும் குறைவு. சரக்கு விற்றது. 1903இல் அத்தொழில் ஒரு கம்பெனியின் கைக்கு மாறியது. பாத்திரக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் வேரூன்றியது ஒரு சித்திரப் பள்ளியின் பட்டறையிலேதான்.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசாங்கம் அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை வரவழைத்து யோசனை கேட்டது. 1958இல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் மிகவும் வியந்து எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? நம் வீட்டுச் செம்பைப் பற்றி! எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படிப் பொருந்தும், நிறைந்திருக்கையிலும் காலியாக இருக்கையிலும் பாரம் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி ஒழுகும், என்ன விலை என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டிருந்தார்கள். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் எழுந்தது.

இக்கேள்விகளை நம் பேராக்கிலேயே கேட்டுப் பார்க்கலாம். கோலகங்சாருக்கு அக்கரையில் சாயோங்கில் செய்யும் கரிய மண்குடுவை, சுரைக்காயின் உருவம் கொண்டது. சூளையிலிருந்து சூடாக எடுத்து உமியில் புதைப்பதால் அந்தக் கருமை ஏறுகின்றது. அதில் வைத்த தண்ணீர் குளிர்ந்திருக்கும். தோட்டங்களில் பால் வெட்டிய கத்தியையும் எண்ணிப் பாருங்கள். பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் மரத்தை ஒட்டிய மெல்லிய படலத்தில் படக்கூடாது. பட்டால் மரம் கெடும். அந்த வளைந்த முனை அதற்காகவே ஏற்பட்டது. பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. அக்கத்தியையும் மங்கையும் அறியாத பிள்ளைகள் இன்று ஈப்போவில் வளர்கின்றார்கள்.

கல்லூரியில் முதலாண்டில் பெரும்பாலும் கோடு, நிறம், சரக்குகளின் குணம் ஆகியவை பயிற்சியாகும். பின்னர் துணி, அச்சு, கைத்தொழிற் பொருள் என்று பிரிவு பிரியும். மாணவன் செய்ததை வகுப்பார் முன்னிலையில் வைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆசிரியர் கேட்பார். 'அழகாயிருக்கிறது' என்ற பதில் அங்கே செல்லாது. வாடிக்கைக்காரரின் முகம் பார்த்து வளர்ந்த கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது கை வந்த கலையாகலாம். உருவம் வரைவது பற்றிச் சில பெரியவர்களுக்கு மனத்தயக்கம் உண்டு. துணி, பாத்திரம், எழுத்து வடிவம் முதலிய பிரிவுகளில் கோலமும் கட்டமும் எழுத்துமே பெருவேலை. பிரிவைத் தேர்ந்துகொள்ள இடமிருக்கின்றது.

எங்கே படிப்பது? தஞ்சோங் மாலிமில் 1922இல் தோன்றிய சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, ஆசிரியர்களுக்குக் கூடை முடைதல் முதலான கைவேலைகளையும் கற்பித்தது. இன்று அது பல்கலைக்கழகம், கலைப் பிரிவும் உண்டு. ஸ்ரீ இஸ்கண்டாரிலுள்ள மாரா பல்கலைக்கழகக் கிளையிலும் இப்பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அது பூமிபுத்ராக்களுக்கு உரியது. நம்மவரில் அத்தகுதி உடையவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. பத்திரங்களைப் பார்த்துத் தெளிந்த பிறகே பிள்ளைக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும். ஈப்போவின் உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இல் தொடங்கிய நாட்டின் முதல் பாலிடெக்னிக். எனினும் அது பொறியியலுக்கும் வணிகத்துக்குமே பெயர் பெற்றது. டிசைனுக்கு ஜொகூரிலுள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் இருக்கின்றது. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவும் இருக்கின்றது. தனியார் கல்லூரிகள் கோலாலம்பூர்ப் பக்கம் ஏராளம். பளபளக்கும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டலாகாது. குறிப்பிட்ட அந்தப் பாடம் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் இருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு நேரில் சென்று பட்டறையைக் காட்டச் சொல்ல வேண்டும். தறியில்லாத துணிப் பாடமும், சூளையில்லாத பீங்கான் பாடமும் நம் பணத்துக்குப் பெறுமானமாகா. கல்லூரிக் கட்டணத்தோடு காகிதம், வர்ணம், கம்ப்யூட்டர் ஆகியவற்றின் செலவையும் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பல கல்லூரிகள் சேர்க்கையின்போது போர்ட்போலியோ கேட்கும். அதாவது பிள்ளை தன் கையால் செய்தவற்றின் தொகுப்பு. சினிமாப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்ததை நீட்டினால் மதிப்பு குறைவு. கண்ணால் கண்டதை வரைந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்பே தொடங்கி, தினம் அரைமணி நேரம் அவனைக் கடையில் உட்கார வையுங்கள். தராசையும், மசாலாப் பொட்டலத்தின் மடிப்பையும், கைலியின் கரையையும் வரையட்டும். விற்காமல் தேங்கிய ஒரு சரக்கை எடுத்துக் கொடுத்து, இது ஏன் போகவில்லை, எப்படி மாற்றினால் போகும் என்று எழுதி, மாற்றியதை வரைந்தும் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாள் தொகுப்பின் முதற்பக்கத்தில் இருக்கட்டும்.