மார்கழி வாசலுக்கு ஓசோன் வருவதில்லை

கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல்களைக் கழுவி எடுத்து வைப்பதற்குள் அந்தச் செய்தி குடும்பக் குழுக்களில் வந்து விழுந்துவிடும். மார்கழி மாதம் அதிகாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஓசோன் படலம் பூமிக்கு மிக அருகில் இறங்கி வருகிறதாம். அந்தக் காற்றைச் சுவாசித்தால் நுரையீரல் சுத்தமாகுமாம், ரத்தம் புதிதாகுமாம். பெண்களை விடிவதற்குள் எழுப்பி வாசலில் கோலம் போட வைத்ததற்கும், ஆண்களைப் பஜனைக்கு அனுப்பியதற்கும் இதுதான் ரகசியமாம். கடைசி வரி எப்போதும் ஒன்றே: நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

பெரியம்மா அனுப்புகிறார். வேதியியலில் முதுகலை முடித்த மருமகன் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். காலை நேரத் தொலைக்காட்சியில் ஒருவர் அதையே விரித்துப் பேச, பள்ளி ஆண்டுமலரில் அது கட்டுரையாகிறது. ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கதைக்கு வயது கூடுகிறதே தவிர, யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான். அவர்களில் ஒருவர்கூட ஓசோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே அதற்குச் சான்று.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. அதன் பெரும்பகுதி தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. அதற்கும் மேலே இருக்கிற ஒன்று, மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர் மாடவீதிக்கு இறங்கி வந்து, ஆறு மணி அடித்ததும் திரும்பிப் போகிறதென்றால் எப்படி? சாயங்காலம் இறக்கிவிட்டுக் காலையில் சுருட்டி வைக்க அது கொசுவலை இல்லை.

இதை அளந்து பார்க்க வெளிநாட்டுக்குப் போகவேண்டியதும் இல்லை. கொடைக்கானலில் 1957 முதல் டாப்சன் நிறமாலைமானி என்ற கருவியை வைத்து, தலைக்கு மேலே உள்ள மொத்த ஓசோனை அளந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு வானத்தில் இருக்கிற அத்தனை ஓசோனையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு அமுக்கிப் பரப்பினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பக்கத்தில் அந்த அளவு ஆண்டிலேயே மிகவும் குறைவது டிசம்பர், ஜனவரியில். அதாவது மார்கழி, தையில். பெருகி வழிவதாகச் சொல்லப்படும் மாதத்தில் மேலேயே சரக்கு குறைவு.

சரி, தரையில் ஓசோன் இல்லவே இல்லையா? இருக்கிறது. அது மேலிருந்து வந்த பிரசாதம் இல்லை, நாம் சமைப்பது. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. வெயில் வேண்டும் என்பதால் அது ஏறுவது உச்சி வெயிலுக்குப் பிறகு, பிற்பகலில். இருட்டிவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். மிச்சமிருப்பதை வண்டிப் புகையின் நைட்ரிக் ஆக்சைடு தின்றுவிடும்; இலையிலும் சுவரிலும் பட்டு இன்னும் கொஞ்சம் அழியும். ஆக, நகரங்களில் ஓசோன் ஏறக்குறைய மிகக் குறைவாக இருக்கும் நேரம் எது தெரியுமா? விடிவதற்கு முந்தைய அதே நாலு மணி, ஐந்து மணி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களின் அளவுகளைப் பார்க்கலாம். விடியற்காலையில் ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பார்ப்பதற்குக் காசில்லை, பரப்புவதற்கும் காசில்லை. மக்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியே ஓசோன் நிறைய இருந்தாலும் அதைச் சுவாசிக்க ஆசைப்படலாமா என்பது அடுத்த கேள்வி. பழைய ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் மூக்கில் சுருக்கென்று ஏறும் ஒரு நெடி, அதுதான் ஓசோன். குடிநீர் ஆலைகளில் கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்லும் பொருள் மனிதத் தொண்டையின் சவ்வை மட்டும் அடையாளம் கண்டு விட்டுவிடாது. தொண்டை கரகரக்கும், இருமல் வரும், மூச்சுக்குழல் சுருங்கும். ஆஸ்துமா இருப்பவருக்கு இழுப்பு வரும். நம் நாட்டின் காற்றுத் தர விதிகளில் ஓசோன் மாசுப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. எட்டு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009 முதல் உள்ள விதி.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து வந்தது? முன்னோர்களிடமிருந்து இல்லை, ஐரோப்பாவிலிருந்து. ஜெர்மானிய வேதியியலாளர் கிறிஸ்டியன் ஷோன்பைன் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓசோனை இனங்கண்டது 1839ஆம் ஆண்டில். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஓசோன் என்றாலே ஆரோக்கியம் என்று அங்கே ஒரு பைத்தியம் பிடித்தது. கடலோர ஊர்களும் மலைவாச விடுதிகளும் எங்கள் காற்றில் ஓசோன் அதிகம் என்று சொல்லி ஆள் பிடித்தன. லண்டன் சுரங்க ரயில் ஒன்றில் ஓசோன் கலந்த காற்றைப் பயணிகளுக்காகவே செலுத்திப் பார்த்தார்கள். அங்கே செத்துப்போன அந்த மோகம் நம்மூரில் திருநீறு பூசிக்கொண்டு மறுபிறவி எடுத்திருக்கிறது. ஆண்டாள் பாவை நோன்பைப் பாடியது ஷோன்பைனுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்னால். அந்த நோன்புக்கு ஒரு வாயுவின் சிபாரிசு தேவைப்படவில்லை.

பள்ளிப் பாடத்துக்கும் இதில் பங்குண்டு. அண்டார்க்டிகா மேலே ஓசோன் ஓட்டை விழுந்தது 1985இல் தெரியவந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் நினைவாகப் பிள்ளைகள் அந்தத் தேதியில் 'ஓசோனைக் காப்போம்' என்று படம் வரைகிறார்கள். காப்பாற்ற வேண்டிய பொருள் நல்லதாகத்தானே இருக்கும், நல்லது என்றால் சுவாசிக்கலாமே என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. மேலே இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கீழே இருந்தால் நெஞ்சை அரிக்கும் என்ற இரண்டாவது வரியைப் பல ஆசிரியர்கள் சொல்வதே இல்லை.

உண்மையில் மார்கழி விடியற்காலையைப் பற்றிக் கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது. நகரத்துத் தெரு ஒன்றில் ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். முனையில் பெருக்கிக் கூட்டிய சருகையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்து யாரோ கொளுத்திவிட்டுப் போயிருப்பார். புகை மேலே எழும்பாது. இடுப்பளவு உயரத்தில் வெள்ளைத் துணி விரித்ததுபோலப் படுத்துக்கொண்டு, நாலு வீடு தள்ளிச் சாணம் தெளித்து, புள்ளி வைத்துக் குனிந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேராக நகர்ந்து வரும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. வெயில் ஏறித் தரை சூடாகும் வரை, கீழே விட்ட புகை கீழேயே கிடக்கும். குளிர்காலத்தில் நுண்துகள் மாசு விடியலை ஒட்டி ஏறுவது இதனால்தான். குளிர்ச்சியாக இருக்கிறது, சத்தம் இல்லை, ஐப்பசி மழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறது. அதனால் காற்று சுத்தமாகத் தோன்றுகிறது. தோன்றுவதும் இருப்பதும் வேறு.

இந்த வதந்தி ஒன்றும் அப்பாவி இல்லை என்பதற்குக் காரணமும் இதுவே. இழுப்பு உள்ள தாத்தா, ஓசோன் கிடைக்குமென்று நாலரை மணிக்கு மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, அந்தப் புகைக்குள்ளேதான் நடக்கப் போகிறார். நன்றாக வெயில் ஏறிய பிறகு போயிருந்தால் மூச்சு அத்தனை வாங்கியிருக்காது. வீட்டுக் காற்றைச் சுத்தமாக்க என்று ஓசோனை உமிழும் கருவிகளும் சந்தையில் விற்கின்றன. ஆள் இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது. கோலம் போடுங்கள், பூசணிப் பூ வையுங்கள், திருப்பாவை பாடுங்கள். அழகுக்காகவும் பக்திக்காகவும் போடுகிற கோலத்துக்கு அறிவியல் முத்திரை குத்தியாக வேண்டும் என்று யார் அழுதது?

மற்ற கதைகளுக்கு இத்தனை இடம் தேவையில்லை.

ஆனி, ஆடியில் வேறொரு செய்தி சுற்றும்: பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் போகிறது, ஆகஸ்ட் வரை குளிரும், சளியும் வாட்டும் என்று. பூமி சூரியனிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பது ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நடக்கிற சாதாரண சங்கதி. அப்போது 15.21 கோடி கிலோமீட்டர்; மிக அருகில் இருக்கும்போது 14.71 கோடி. அந்த அருகாமை வருவது ஜனவரித் தொடக்கத்தில், சாட்சாத் மார்கழியில். பக்கத்தில் இருக்கும்போதுதான் நமக்குக் குளிர்கிறது. ஏனென்றால் பருவத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. அருகில் வரும்போது பூமி வேகமாக ஓடுவதால் மார்கழி 29, 30 நாளில் முடிந்துவிடுகிறது. தொலைவில் மெதுவாகப் போகும் ஆனி 32 நாள் வரை இழுக்கிறது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழிப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஊட்டியில் பனிமழை பெய்ததென்று ஒவ்வொரு டிசம்பரிலும் படம் வருகிறது. பெய்யவில்லை. தலைகுந்தா புல்வெளியிலும் கார் கூரையிலும் காலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது உறைபனி. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் அப்படியே உறைவது. அதைப் பார்க்கவென்று குடும்பத்தோடு கிளம்புபவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

தலையில் பனி இறங்கினால் சளி பிடிக்கும் என்பதற்கு வருவோம். சளியைத் தருவது வைரஸ். ரைனோ வைரஸை மூக்கில் விட்டு, சிலரைக் குளிரில் உட்கார வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1968இல் வெளியானது. குளிரால் ஒரு வித்தியாசமும் இல்லை. பாட்டிகள் கட்சிக்கு ஆதரவாக 2005இல் கார்டிஃப் ஆய்வு ஒன்று உண்டு: கால்களைக் குளிர்நீரில் வைத்திருந்த 90 பேரில் 13 பேரும், வைக்காத 90 பேரில் 5 பேரும் சில நாளில் சளி என்றார்கள். அவர்களுக்கு வைரஸ் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. வாழைப்பழம் சாப்பிட்டால் சளி பிடிக்குமா என்று யாரும் கேட்க வேண்டாம். அதில் வைரஸ் இல்லை.

சளி பரவுவது மூடிய அறையில். மழைக்கும் குளிருக்கும் பயந்து சன்னலை அடைத்து, ஐந்து பேர் ஒரே அறையில் படுத்து, போதாததற்குக் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளையும் கொளுத்தி வைப்பதுதான் நம் வீடுகளின் குளிர்கால வழக்கம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று மலேசிய, சீனச் சுருள்களைச் சோதித்த ஆய்வு 2003இல் சொன்னது. கைக்குழந்தை உள்ள வீட்டில் சிகரெட் பிடிக்கும் மாமாவை மொட்டை மாடிக்குத் துரத்துபவர்கள் சுருளை மட்டும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். வலை கட்டுங்கள், சன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள்.

அப்புறம் போகி. மார்கழியின் கடைசி நாளில், காற்று தரையோடு ஒட்டிக் கிடக்கும் அதே வேளையில், டயரையும் ரெக்சினையும் கொளுத்துவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையில் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கை எரிக்காமல் முன்கூட்டியே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடும்படி சென்னை மாநகராட்சி சமீப ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. கொடுத்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு வேண்டியது தட்டுவதற்கு ஒரு போகி மேளமும் குச்சியும்தான். டயரை அவர்கள் கேட்கவில்லை.