பெரிய சத்தம், சின்னச் சத்தம்



மூன்று வயதுப் பிள்ளையிடம் "மெதுவாப் பேசு" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் அதே சத்தத்தில், இழுத்து இழுத்துப் பேசும். பிள்ளை மேல் குற்றமில்லை. 'மெதுவா' என்றால் வேகம் குறைவு என்றும் பொருள், சத்தம் குறைவு என்றும் பொருள். 'மெல்ல' என்ற சொல்லும் அப்படித்தான். காலையில் "மெதுவா நட" என்று கேட்ட பிள்ளை, மாலையில் "மெதுவாப் பேசு" என்றால் குழம்பத்தான் செய்யும். ஆகவே முதல் பாடத்தில் இந்தச் சொற்களை ஒதுக்கிவிட்டு, 'பெரிய சத்தம்', 'சின்னச் சத்தம்' என்று தொடங்குங்கள். பெரியது, சின்னது என்பது இட்லியிலும் செருப்பிலும் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய விஷயம்.

ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் போதும். ஓங்கித் தட்டினால் பெரிய சத்தம். அதே கரண்டியால் தொட்டாற்போல் தட்டினால் சின்னச் சத்தம். இரண்டையும் ஒரே பொருளில் காட்டுவது முக்கியம். தட்டைத் தட்டி 'பெரியது' என்றும், கொலுசைக் குலுக்கி 'சின்னது' என்றும் காட்டினால், தட்டுக்குப் பெயரே 'பெரிய சத்தம்' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அடுத்து பிள்ளையின் முறை. பெரிய சத்தம் கேட்டால் இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும், சின்னச் சத்தம் கேட்டால் விரல்களைக் குவிக்க வேண்டும். பிறகு கரண்டியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கையை விரியுங்கள். அக்கம்பக்கத்தார் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள்.

கண்ணாலும் காட்டலாம். ஒரு கிண்ணத்தின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, அதன் மேல் கொஞ்சம் ரவையைத் தூவுங்கள். பக்கத்தில் தட்டை ஓங்கித் தட்டினால் ரவை துள்ளும். தொட்டாற்போல் தட்டினால் அசைவதே தெரியாது. சத்தம் காற்றை உலுக்கிக்கொண்டு வருகிறது என்பதைப் பிள்ளை சொல்லாமலே புரிந்துகொள்ளும்.

பெரியவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொசுவின் ரீங்காரம் கீச்சென்று இருக்கும், ஆனாலும் அது சின்னச் சத்தம். லாரி உறுமுவது கட்டைக் குரல், ஆனாலும் பெரிய சத்தம். கீச்சுக்குரலும் பெரிய சத்தமும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டையும் வைத்தே சொல்லிவிடலாம்.

பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது பாங்கு பெரிய சத்தம். அதே பாங்கு தூரத்துத் தெருவில் சின்னச் சத்தம். அத்தாவோடு தொழப் போகும் பிள்ளை, மஃரிபில் இமாம் ஓதுவதைக் கேட்கும். அஸரில் ஓதுவது கேட்காது. "ஏன் இப்ப சத்தமே வரல?" என்று பிள்ளை கேட்டால், அதட்டாமல் வீட்டுக்கு வந்ததும் பதில் சொல்லுங்கள். தானாகவே கவனித்துக் கேட்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறிவிட்டது.

இந்த விளையாட்டால் தெரியவரும் இன்னொன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாலை வகுப்புக்கு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். சொன்னதைச் செய்யமாட்டாள். கவனமில்லாத பிள்ளை என்று அவளைப் பின்வரிசைக்கு மாற்றியது நான்தான். தட்டு விளையாட்டில் மட்டும் தவறாமல் பதில் சொன்னாள். ஒருநாள் தற்செயலாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டினேன். பெரிய சத்தத்துக்குக் கையை விரித்தாள். சின்னச் சத்தத்துக்கு அசையவே இல்லை. அதுவரை அவள் என் கையைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவிடம் விசாரித்தபோது, இரண்டு மாதமாகச் சளி என்றும், டிவிக்குப் பக்கத்தில் போய்த்தான் உட்காருகிறாள் என்றும் சொன்னார். காது மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார்.

சிறு பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அவர்களுக்குக் குட்டையாகவும் சாய்வு குறைவாகவும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்கிறது. காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும். பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆகாவிட்டால் சிகிச்சை வேண்டும். "கூப்பிட்டால் திரும்புகிறானே" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். உரக்கக் கூப்பிட்டால் திரும்பத்தான் செய்வான். பேச்சில் 'ஆ' பெரிய சத்தம், 'ஸ்' மிகச் சின்னது. அந்தச் சின்னவை விழாத காதுக்குப் பாதிச் சொல்தான் போய்ச் சேரும்.

வீட்டில் இப்படிப் பார்க்கலாம். பிள்ளைக்குப் பின்னால், உங்கள் வாய் தெரியாதபடி, ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் தாளம் பிடித்துக்கொண்டு போட்டுவிடும். டேனியல் லிங் என்பவர் வகுத்த இந்த ஆறு ஒலிகளைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் மூன்று நாள் பார்த்தும் ஷ், ஸ் மட்டும் விடுபட்டால் தாமதிக்காதீர்கள். எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவதும், பின் வைத்துக் குடைவதும் வேண்டவே வேண்டாம்.

கைக்குழந்தைக்கும் பரிசோதனை உண்டு. பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதியாவது, 6 மாதத்துக்குள் சிகிச்சையோ கருவியோ என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பிறவியிலேயே கடுமையாகக் கேட்காத பிள்ளைக்குக் காதின் உட்பகுதியில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதற்கு வயது வரம்பு உண்டு என்பதால் நாள் கடத்தக் கூடாது. போகும்போது எந்தெந்த ஒலி விழவில்லை, எத்தனை நாளாகச் சளி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.