ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவம்

தை பிறந்ததும் கிராமத்தில் எல்லோருடைய கவனமும் களத்துமேட்டின் மீது செல்கிறது. விளைந்ததை அறுத்து, தூற்றி, அளந்து வீடு சேர்க்கும் காலம் அது. அதே மாதத்தில் நமது ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து ஆண்டுகள் பயின்ற பிள்ளைகள் தங்கள் கடைசிப் பருவத்தில் அடியெடுத்து வைக்கிறார்கள். நெல்லை அளக்காமல் மூட்டை கட்டும் விவசாயி எவருமில்லை. ஆனால், ஐந்தாண்டுப் படிப்பில் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்று அளந்து பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் பரவவில்லை. அவ்வாறு அளந்து பார்ப்பது எப்படி, குறை இருந்தால் பஞ்சாயத்தும் பெற்றோரும் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்பருவம் ஏன் முக்கியமானது?

நம் மாநிலத்துத் தொடக்கப் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டு முப்பருவ முறை கொண்டுவரப்பட்டது. ஓராண்டுப் பாடம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் அளிக்கப்பட்டது. பிள்ளையின் புத்தகச் சுமை குறைந்தது. இது பெரிய நன்மை. எனினும் இதில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. முதற் பருவத்தில் அரைகுறையாகக் கற்ற பாடத்தை அடுத்த பருவத்துப் புத்தகம் திரும்பக் கேட்பதில்லை. ஆகவே, ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மூன்றாம் பருவத்தில் ஆசிரியருக்கு இரு கடமைகள் அமைகின்றன. அப்பருவத்துப் புதிய பாடங்களைக் கற்பிப்பது ஒன்று. ஐந்தாண்டுகளாகக் கற்றவற்றை ஒன்று சேர்த்து உறுதிப்படுத்துவது மற்றொன்று.

எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்பது நம் மாநிலத்தின் கொள்கை. பிஞ்சு உள்ளத்தில் தோல்வியின் முத்திரையைக் குத்தலாகாது என்னும் நல்லெண்ணத்தில் எழுந்தது அது. ஆனால், இதன் பொருளை நாம் சரியாக உணர வேண்டும். ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி என்ற சொல் பிள்ளை ஐந்தாண்டுகள் பள்ளிக்கு வந்ததைத்தான் கூறும். அவன் கற்றதை அது கூறாது. அதை நாமே அறிந்துகொள்ள வேண்டும்.

பல சிற்றூர்களில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்து விடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை வேறு ஊர் செல்ல வேண்டும். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர்; பக்கத்தில் இருப்பவர்கள் புதியவர்கள். சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளை அங்கே வாய் திறக்க அஞ்சுகிறான். சில மாதங்களில் வயிற்று வலி என்கிறான். பிறகு மாடு மேய்க்கப் போகிறேன் என்கிறான். பெண் குழந்தையாயின், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டார் நிறுத்தி விடுகிறார்கள். படிப்பு நின்ற இடம் ஆறாம் வகுப்பு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்திலேயே நின்று விட்டது.

முதலாவது: படித்துப் பொருள் அறிதல்

கடைசிப் பருவம் முடியும்போது பிள்ளை தான் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைத் தடையின்றி வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்ததைத் தன் சொற்களில் கூறவும் வேண்டும். பாடப் புத்தகத்தை மட்டும் கொண்டு இதைச் சோதித்தால் ஏமாந்து போவோம். பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகவே அறிந்திருப்பார்கள். செய்தித்தாளிலோ, விதைப் பொட்டலத்திலோ, கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்பிலோ நான்கு வரிகளைக் காட்டிப் படிக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தச் சோதனையைச் செய்ய இயலும். பிள்ளை படித்துவிட்டுக் கூறும் விஷயம் அவளுக்கு விளங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

பூச்சிமருந்துப் புட்டியின் மேல் ஒரு வண்ண அடையாளம் இருக்கிறது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக நஞ்சின் கடுமை குறைகிறது. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சே. மருந்தை எத்தனை அளவு நீரில் கலப்பது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுப்பது என்பனவும் அத்துடன் அச்சிடப்பட்டிருக்கின்றன. வீட்டில் இவற்றைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை இருப்பது தந்தையின் உயிருக்கே பாதுகாப்பாகும்.

இரண்டாவது: எழுதித் தெரிவித்தல்

எழுத்துப் பயிற்சி என்றால் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவது என்று பலர் கருதுகிறார்கள். அது கைக்குப் பயிற்சி, கருத்துக்குப் பயிற்சியாகாது. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை ஒரு கடிதம் எழுதப் பழகியிருக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறோம், என்ன குறை, எந்த இடத்தில், எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டுகிறோம் என்ற ஐந்தும் ஒழுங்காக அமைந்தால் அது நல்ல கடிதம். பள்ளிக்குச் செல்லும் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதச் சொல்லலாம். அக்கடிதத்துக்குத் தலைவர் இரண்டு வரிகளில் பதிலும் அனுப்பினால், எழுத்துக்குப் பயன் உண்டு என்பதைப் பிள்ளை ஆயுள் முழுதும் மறவாது.

மூன்றாவது: கணக்கு

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் கைவந்த பிறகே பின்னமும் தசமமும் விளங்கும். கடைசிப் பருவத்துக்கு வந்த பிறகும் பல பிள்ளைகள் தடுமாறுவது வகுத்தலிலும் பின்னத்திலும்தான்.

அரையும் எட்டில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், சில பிள்ளைகள் மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிப் பத்தில் இரண்டு என்கிறார்கள். பத்தில் இரண்டு என்பது ஐந்தில் ஒன்று. அது அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்தால் அது எப்படிக் குறையும்? வழியைக் கற்ற பிள்ளை பொருளைக் கற்கவில்லை என்பதை இப்பிழை காட்டுகிறது. நம் பெரியவர்கள் எட்டில் ஒன்றை அரைக்கால் என்பார்கள். ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். அரை ஏக்கர் 50 சென்ட்; அரைக்கால் ஏக்கர் 12.5 சென்ட்; இரண்டும் சேர்ந்தால் 62.5 சென்ட். இதுவே எட்டில் ஐந்து. பாட்டனாரின் வாய்க்கணக்கும், புத்தகத்தின் பின்னமும், பட்டாவில் காணும் தசமமும் ஒன்றே என்பதை நிலத்தை வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு ஒரே நாளில் விளங்கும்.

வகுத்தலுக்கு ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியே பாடமாகும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அளவு வகுத்தது. தொட்டி 30,000 லிட்டர் கொள்ளுமானால், ஒரு முறை நிரப்பிய நீர் எத்தனை பேருக்குப் போதும்? 30,000-ஐ 55-ஆல் வகுத்தால் 545 வரும். மீதி 25 லிட்டர். ஊரில் 700 பேர் இருந்தால் என்ன செய்வது என்று பிள்ளை அடுத்துக் கேட்பான். அந்தக் கேள்வி எழுந்தால் கணக்குப் பாடம் பலித்தது என்று கொள்ளலாம்.

நான்காவது: சுற்றுப்புறத்தை அறிதல்

நான்கு திசைகளையும் குறித்து, கோயில், குளம், பள்ளி, வாய்க்கால், சாலை ஆகியவற்றை உரிய இடத்தில் இட்டு, பிள்ளை தன் ஊரின் படத்தை வரைய வேண்டும். ஊர்ப் படத்தை அறிந்தவனுக்கு மாவட்டப் படமும் மாநிலப் படமும் எளிதில் புலப்படும். மழையை அளக்கவும் பழக்கலாம். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் 1 லிட்டர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் சுமார் 40,470 லிட்டர் நீர் விழுகிறது. மேலே கூறிய தொட்டி கொள்ளும் அளவினும் இது அதிகம். பண்ணைக் குட்டையின் அருமையை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைக்க இயலாது.

நாம் செய்யக்கூடியவை

கல்விக்காகக் கிராமம் தோள் கொடுத்தது நமக்குப் புதிதன்று. 1950-களின் பிற்பகுதியில், காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடைபெற்றன. கட்டடமும், பலகையும், சீருடையும் மக்களே வழங்கினர். 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பசியைப் போக்கிப் பிள்ளையைப் பள்ளியில் இருத்தின. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இனி நம் பங்கு யாது?

முதலில், வருகை. பொங்கலுக்குப் பிறகு அறுவடை வேலைக்கோ, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்கோ பிள்ளையை நிறுத்தலாகாது. ஒரு நாள் கூலி மிச்சமாகும் என்பது உண்மையே. ஆயினும் வகுத்தல் நடத்தும் வாரத்தில் வராத பிள்ளைக்கு அந்தக் குறை ஆறாம் வகுப்பிலும் தொடரும்.

இரண்டாவது, கிராம சபை. மூன்றாம் பருவத்துக்குள் ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய இரு கிராம சபை நாட்கள் வருகின்றன. முதற் கூட்டத்தில் தலைமையாசிரியரை அழைத்து, எத்தனை பிள்ளைகள் தடையின்றிப் படிக்கிறார்கள், எத்தனை பேருக்கு வகுத்தல் வரவில்லை என்று கேட்கலாம். பிள்ளைகளின் பெயரைச் சபையில் கூற வேண்டியதில்லை, தொகை போதும். இரண்டாம் கூட்டத்தில் அத்தொகை குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோரையும், பாதிப் பங்கு பெண்களையும் அமர்த்தியது. உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் அளித்தது. மாலையில் ஒரு மணி நேரம் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்ல, ஊரிலுள்ள படித்த இளைஞர்களை இக்குழு ஏற்பாடு செய்யலாம்.

நான்காவது, வழியனுப்புதல். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு நாள் அடுத்த பள்ளிக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும். ஜூன் மாதத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததா என்று வார்டு உறுப்பினர் வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். ஒரு வார்டில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருப்பது அரிது. ஓர் உறுப்பினருக்கு இது இரண்டு மாலை நேரத்து வேலை.

பருவம் தவறிய விதை முளைப்பதில்லை என்பதை விவசாயிக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இந்தத் தை மாதத்தில் களத்துக்குச் செல்லும் வழியில் ஒரு முறை பள்ளிக்குள் நுழைவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, நம் சட்டைப் பையிலுள்ள ஏதேனும் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தக் குரலே நமக்குத் தெரிவிக்கும்.