தகப்பன்சாமி சொல்லும் பாடம்: சின்னவங்க கேள்விக்கும் காது கொடுங்க



சுவாமிமலை கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரணவத்துக்குப் பொருள் கேட்டார் பாலமுருகன். பிரம்மாவால சொல்ல முடியலை. தலையில குட்டி, சிறையில வெச்சார். விடுவிக்கச் சொல்லி வந்த சிவபெருமான், "உனக்குப் பொருள் தெரியுமா?"னு கேட்க, "சீடனா இருந்து கேட்டா சொல்றேன்"னார் பிள்ளை. அப்பாவும் கைகட்டி, வாய்பொத்தி உபதேசம் கேட்டார். அதனாலதான் அவர் சுவாமிநாதன், தகப்பன்சாமி.

இந்தக் கதையை நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். ஆனா போன வருஷம் ஆபீஸ்ல குட்டு வாங்கின பிறகுதான் புரிஞ்சுது.

எங்க கிளையன்ட் அமெரிக்கக் கம்பெனி. புதுசா லண்டன் கிளை பில்களையும் அதே சாஃப்ட்வேர்ல சேர்க்கச் சொன்னாங்க. டீம்ல சேர்ந்து மூணு மாசமே ஆன தம்பி ஒருத்தன், "அண்ணா, 05/06னு வந்தா அது ஜூன் 5ஆ, மே 6ஆ?"னு கேட்டான். "நாலு வருஷமா ஓடுற கோடு தம்பி, அதைத் தொடாதே"ன்னு சொல்லிட்டேன்.

அமெரிக்காவுல மாசத்தை முதல்ல எழுதுவாங்க. பிரிட்டன்ல நம்மள மாதிரி தேதியை முதல்ல எழுதுவாங்க. 25/06னு வந்திருந்தா, 25வது மாசம் கிடையாதுன்னு சிஸ்டமே எரர் காட்டியிருக்கும். ஆனா 12 வரைக்கும் உள்ள தேதிகள் சத்தமே இல்லாம மாறிடும். நாங்க டெஸ்ட் பண்ணின பில் எல்லாமே 5, 10 தேதிகள்தான். விளைவு, ஜூன் 5 வரைக்கும் டைம் இருக்கிறவங்களுக்கு மே மாசமே "பணம் கட்டத் தவறிவிட்டீர்கள்"னு நோட்டீஸ் போயிடுச்சு.

அவசரக் கால்ல மேனேஜர் கேட்டார்: "இது ஒருத்தர் கண்ணுலகூடப் படலையா?" தம்பி வாயே திறக்கலை. நானும் பேசாம இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மனசுக்குள்ள "முருகா"ன்னு சொல்லிட்டு, "அவன் கேட்டான் சார். நான்தான் கேட்கலை"ன்னு சொன்னேன். திட்டு விழுந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

அப்புறம் யோசிச்சேன். பிரம்மாவுக்கு வேதம் தெரியாதா? தினமும் ஓம்னு சொல்லித்தானே தொடங்குறார்! பழகிப்போனதால பொருளை யோசிக்கலை. நானும் அந்தத் தேதியை தினமும் பார்த்தேன், யோசிக்கலை. ஆனா ஈசன்? எல்லாம் தெரிஞ்சவர். அவரே பிள்ளைகிட்ட சீடனா நின்னார்னா, எப்படிக் கேட்கணும்னு நமக்குக் காட்டத்தான்.

உலக அளவுல ஜெயிச்ச கம்பெனிகளும் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. 1999ல ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜாக் வெல்ச், சுமார் 500 உயர் அதிகாரிகளை இளம் ஊழியர்கள்கிட்ட இன்டர்நெட் கத்துக்கச் சொன்னார். அவரும் கத்துக்கிட்டார். டொயோட்டா தொழிற்சாலையில, தப்பைப் பார்த்த தொழிலாளி யாரா இருந்தாலும் கயிறை இழுத்து உதவி கூப்பிடலாம். உடனே சரியாகலைன்னா உற்பத்தியே நிற்கும். "நீ யார் சொல்றதுக்கு?"ன்னு கேட்கிறதில்ல.

நண்பர்களே, இந்த வாரம் மூணு விஷயம் செஞ்சு பாருங்க:

1. உங்களைவிடச் சின்னவங்க கேள்வி கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி "ஏன் கேட்கிறே?"ன்னு கேளுங்க.

2. தினமும் செய்யற ஒரு வேலையை எடுத்து, இது ஏன் இப்படி இருக்குன்னு உங்களுக்கே விளக்கிப் பாருங்க. முடியலைன்னா, அங்கே பாடம் இருக்கு.

3. ஒருத்தர் சொன்னதால நல்லது நடந்தா, நாலு பேர் முன்னாடி அவர் பேரைச் சொல்லுங்க.

நீங்களே டீம்ல சின்னவங்களா இருந்தா, கேள்வியை விட்டுடாதீங்க. ஒரு தடவை தட்டிக் கழிச்சாலும் பணிவா மறுபடி கேளுங்க. கேள்வி கேட்டவர் குழந்தைதான், ஆனா பதில் தெரியாம நின்னவர் படைப்புக் கடவுள்!

கும்பகோணம் பக்கம் போனா சுவாமிமலைக்குப் போயிட்டு வாங்க. கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர், 60 படி ஏறினா மேலே சுவாமிநாதன். தமிழ் வருஷங்கள் 60ஐக் குறிக்கிற படிகள் அவை. அப்பா கீழே, பிள்ளை மேலே. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், கேட்கிற மனசோட ஏறுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚