வீட்டுத் தோட்டத்தில் டிராகன் பழம்

கமக்காரரே,

நெல்லும் மரக்கறியும் செய்து பழகிய உங்களுக்கு டிராகன் பழக்கொடியின் இயல்பு புதிதாகத் தோன்றலாம். இது கள்ளி இனம். எனினும் பாலைவனத்துக் கள்ளியன்று. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடியாகும். ஆதலின் ஏறுவதற்கு ஒரு தூணும், உக்கிய எரு நிறைந்த மண்ணும் இதற்கு வேண்டும். வேரடியில் நீர் தேங்குவதை இது சிறிதும் பொறாது. வயலை அடுத்த தாழ்நிலத்தை விடுத்து, மாரி வெள்ளம் வடிந்தோடும் மேட்டினையே தெரிவு செய்க. மேடில்லையெனின் ஓரடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து நடுக.

சுமார் 8 அடி நீளமான கொங்கிறீற்றுத் தூணை 2 அடி ஆழத்தில் உறுதியாக நாட்டி, உச்சியில் குறுக்குக் கம்பிகளிட்டுப் பழைய ரயர் ஒன்றைப் பொருத்துக. ரயரில் மழைநீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். அடிப்புறத்தில் துளைகளிட மறவற்க. முதிர்ந்த கொடியின் பாரம் பெரிது. மெல்லிய தடிகள் அதனைத் தாங்கா.

ஓரடிக்குக் குறையாத முதிர்ந்த கொடித்துண்டுகளை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் வைத்த பின், தூணுக்கு நான்காக நடுக. ஆழமாகப் புதைத்தல் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு தண்டினை மட்டும் தூணோடு கட்டி ஏற்றி, பக்கக் கிளைகளை நீக்குக. தண்டு ரயரைக் கடந்ததும் நுனியைக் கிள்ளிவிடின், கிளைகள் பல தோன்றிக் கீழ்நோக்கித் தொங்கும். பூப்பவை அக்கிளைகளே. கோடையில் மண் உலர்ந்த பின்னரே நீர் விடுக. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இறைப்பதுபோல் இறைத்தல் வேண்டாம்.

கொடி செழித்தும் காய் பிடிக்கவில்லை என்பது பலரது முறைப்பாடு. இதற்கு உரமிட்டுப் பணத்தை வீணாக்குமுன் பூவைக் கவனிக்க. இதன் பூ இரவில் விரிந்து மறுநாட் காலையில் வாடிவிடும். இதன் தாயகத்தில் வௌவாலும் இரவு விட்டில்களும் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. வெண்சதையுள்ள இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். செஞ்சதையுள்ள இனங்கள் பலவற்றுக்கோ வேற்றினக் கொடியின் மகரந்தம் இன்றியமையாதது. அயலவரின் ஒரே கொடியில் வெட்டிய நான்கு துண்டுகளும், தோற்றத்தில் நான்காயினும், இயல்பில் ஒரே கொடியே. அவை ஒன்றுக்கொன்று உதவா. எனவே செவ்வினம் நடுவோர் தூணொன்றில் வெவ்வினமும் ஓரிரண்டு சேர்த்து நடுதல் நன்று. இரவு எட்டு மணிக்குப் பின், அல்லது விடியுமுன், மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டெடுத்து, மற்றதன் நடுவே நட்சத்திரம்போல் விரிந்துள்ள குறியின்மீது தடவுக. ஒரு பூவுக்கு ஒரு நிமிடமும் செல்லாது. வெண்ணினத்திலும் இவ்வாறு செய்தால் காய் பருக்கும்.

தண்டில் செம்பழுப்புப் புள்ளிகளோ அழுகலோ கண்டால், அப்பகுதியை நல்ல தசை தெரியும்வரை வெட்டி எரித்துவிடுக. வெட்டிய கத்தியைச் சுத்தஞ் செய்யாது அடுத்த கொடியில் வைத்தலாகாது.

பூத்து ஏறக்குறைய 30 நாட்களில் தோல் முழுவதும் நிறம் மாறும். பறித்த பின் இப்பழம் மேலும் இனிப்பேறாது. ஆதலின் பச்சை படிந்த காயைச் சந்தைக்கு அவசரப்பட்டு வெட்டற்க. நிறம் மாறி மூன்று நான்கு நாட்கள் பொறுக்கலாம். அதற்குமேல் விட்டால் வெடிக்கும், பறவைகளும் கொத்தும். இதற்கு நீண்ட காம்பில்லை. பிடித்திழுத்தால் தோல் கிழியும். கொடியின் சிறு துண்டோடு கத்தரியால் வெட்டியெடுக்க.