அடுக்களைக் கல்வி

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர், ஊரை விட்டுப் புறப்படுமுன் பலவற்றைத் தேடித் தொகுக்கின்றனர். சான்றிதழ்களுக்குப் படி எடுக்கின்றனர், புத்தாடை வாங்குகின்றனர், பெட்டிக்குப் பூட்டு வாங்கவும் மறப்பதில்லை. ஆயின், ஓர் ஆழாக்கு அரிசியைச் சோறாக்கக் கற்றுக்கொண்டு புறப்படுவோர் மிகச் சிலரே. விடுதியில் உணவு கிடைக்குமே என்பர். கிடைக்கும். விடுதியில் இடம் கிடையாதாயின் என் செய்வது? விடுமுறை நாளில் விடுதி அடுப்பு அணைந்திருப்பின்? காய்ச்சல் கண்ட நாளில் ஒரு குவளைக் கஞ்சி வேண்டுமாயின்?

யானும் அங்ஙனம் புறப்பட்டவனே. 1977ஆம் ஆண்டில் புலவர் வகுப்பிற் சேரும்பொருட்டு ஊரை விட்டு நீங்கினேன். நண்பர் இருவருடன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். நன்னூற் சூத்திரங்களை நாங்கள் மூவரும் மூச்சு விடாமல் ஒப்பிப்போம். உலை வைக்க மூவருள் ஒருவருக்கும் தெரியாது. முதல் நாள், சிறிய பாத்திரத்தில் முக்காற் பங்கு அரிசியிட்டு, எஞ்சிய இடத்தில் நீர் ஊற்றி, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றினோம். அரிசி வெந்தால் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகும் என்பதை யார் அறிவார்? கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. திறந்து பார்த்தால் மேலே கூழ், நடுவே அரிசி, அடியிலே கரி! அன்றிரவு பொட்டுக்கடலையைத் தின்று நீர் குடித்துப் படுத்தோம்.

மறுநாள் அன்னைக்குக் கடிதம் எழுதினேன். எழுத்தறியாத அவர், அண்டை வீட்டுச் சிறுமியைக் கொண்டு விடை எழுதுவித்தார். "தண்ணீர் கொஞ்சம் கூட வை, உப்புக் கொஞ்சம் போடு, பதம் பார்த்து இறக்கு" என்றிருந்தது அக்கடிதம். கொஞ்சம் என்பது எவ்வளவு? பதம் என்பது எது? இலக்கணத்தில் 'பதம்' என்பதற்குப் பொருள் அறிந்திருந்தேன். சோற்றின் பதத்தை அறியேன். அன்னையின் அளவு அவர்தம் கையிலும் கண்ணிலும் இருந்தது. அக்கையும் கண்ணும் நாற்பது கல் தொலைவில் இருந்தன.

ஆகவே, மாணவர்காள், ஊரை விட்டுப் போகுமுன் ஒரு திங்கட்காலமேனும் அடுக்களையில் அன்னையின் அருகே நில்லுங்கள். அவர் கையால் அள்ளும் உப்பையும் மிளகாய்த் தூளையும் பாத்திரத்தில் இடுமுன் ஒரு கரண்டியில் இடச்செய்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நகைப்பார், நகைக்கட்டும். ஏட்டில் ஏறிய அளவு உங்களுடன் வரும்.

முதலில் சோறு. ஒருவர் ஒரு வேளைக்கு ஆழாக்கு அரிசி போதும். அதனை இரண்டு மூன்று முறை களைந்து, அரை மணி நேரம் ஊற வைத்தல் நன்று. அகன்ற பாத்திரத்தில் அரிசியின் அளவைப்போல் ஐந்து மடங்கு நீரை உலையேற்றி, அது தளதளவென்று கொதித்தபின் அரிசியை இட்டுக் கிளறி விடுக. பச்சரிசி கால் மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் வெந்துவிடும். புழுங்கலரிசிக்கு அதைப்போல் இரு மடங்கு நேரமும் ஆகலாம். ஒரு பருக்கையை எடுத்து விரல்களிடையே நசுக்கிப் பார்க்க. நடுவில் வெள்ளைப் பொட்டுப்போலக் கடினமான பகுதி தென்படின், இன்னும் வேகவேண்டும். அப்பொட்டு மறைந்த நிலையே பதம்! இதனை அறிய எனக்கு ஒரு வாரமும் இரண்டு படி அரிசியும் செலவாயின. பின்னர்க் கஞ்சியை வடிக்க. கஞ்சியின் ஆவி கையைச் சுடும். துணியால் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு வடித்தல் வேண்டும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடிக்கலாம்.

இக்காலத்தில் பலர் குக்கரிலேயே சமைக்கின்றனர். அதனுள் ஆவி வெளியேறாமல் அழுத்தம் மிகுவதால், நீர் 100 பாகைக்கு மேலும் சூடேறி, ஏறத்தாழ 120 பாகை வரை செல்கிறது. அதனாலேயே விரைந்து வேகிறது. அதில் பச்சரிசிக்கு இரு மடங்கு நீரும் புழுங்கலரிசிக்கு மூன்று மடங்கு நீரும் போதும். அழுத்தம் தணியுமுன் மூடியைத் திறக்க முயலற்க. எரிவாயு நாற்றம் வீசினால் மின்விசையைத் தொடாமல், உருளையின் விசையை மூடிச் சன்னல்களைத் திறந்து விடுக.

சோற்றுக்கு அடுத்தது இரசம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தக்காளி ஒன்றைப் பிசைந்திட்டு, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்துப் பச்சை நாற்றம் போகக் கொதிக்க விடுக. மிளகும் சீரகமும் பூண்டும் தட்டியிட்டபின், நுரை கூடி வரும்பொழுது இறக்கிவிடுக. அதன்மேலும் கொதித்தால் மணம் போய்விடும். கடுகு வெடித்தபின் கறிவேப்பிலையிட்டுத் தாளித்துக் கொட்டினால் இரசம் முடிந்தது. உப்பை முதலில் குறைத்தே இடுக. குறைந்ததைக் கூட்டலாம், கூடியதை எடுக்க இயலாது.

"ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று வினவுவார் இன்றும் உளர். நளனையும் வீமனையும் அவர்கள் மறந்தனர் போலும்! வீமசேனன் இயற்றிய மடைநூல் நெறிப்படி நல்லியக்கோடன் விருந்து படைத்தான் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. அவ்வளவு பழமைக்குச் செல்லவும் வேண்டா. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன் 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சில் தங்கினார். புலால் உண்ணாத அவர், அங்கே தம் உணவைத் தாமே சமைத்து உண்டார் என்று பேராசிரியர் ஆர்டி எழுதியுள்ளார். பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற மகலனோபிசு அப்போது அங்கு மாணவர். ஒருநாள் அவர் வந்தபொழுது, இராமானுசன் அடுப்பின்மேல் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். இதழொன்றில் வந்த புதிர்க்கணக்கை மகலனோபிசு படித்துக்காட்ட, கையிலிருந்த கரண்டியை வைக்காமலே, ஒரு கணக்கிற்கு மட்டுமன்றி அவ்வகைக் கணக்குகள் அனைத்திற்கும் பொருந்தும் விடையைக் கூறினாராம். ஆனால் அவர் காலந்தவறாமல் உண்டவர் அல்லர். போர்க்காலத்தில் அவருக்கு ஏற்ற உணவு கிடைப்பதும் அரிதாயிற்று. 1917இல் நோயுற்றார், 1919இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். நோய்க்கு உணவே காரணம் எனத் துணிதல் கூடாது. எனினும், தனித்து வாழும் மாணவன் படிப்பில் ஆழ்ந்து வேளை தவறி உண்பது எத்துணைக் கேடு என்பதை யான் என் மாணவரிடம் பலகாலும் கண்டிருக்கின்றேன்.

சோறும் இரசமும் யான் கற்றேன். பருப்பும் துவையலும் பின்னர்க் கைவந்தன. என் அன்னை சுண்டைக்காய் வற்றலிட்டு ஒரு குழம்பு வைப்பார். விடுமுறைதோறும் அதனை உண்டேன். ஒருமுறையேனும் அருகே நின்று பார்த்தேனில்லை. அவர் மறைந்தபின் என் மனைவியும் யானும் பன்முறை முயன்றோம். புளி ஒத்து வந்தது. காரமும் ஒத்து வந்தது. அவர் இறுதியில் எதையோ வறுத்துப் பொடித்துத் தூவுவார். அஃது இன்னதென்று இன்றுவரை தெரியவில்லை.

புறப்படும்போது பெட்டியில் ஓர் ஆழாக்கும், ஒரு கரண்டியும், அடி கனத்த பாத்திரம் ஒன்றும், அன்னை கையால் நிரப்பிய அஞ்சறைப் பெட்டியும் இருக்கட்டும். அளவு குறித்த ஏட்டை மேலாக வையுங்கள். முதல் நாளே தேவைப்படும்.