பெயர் கடந்து பொருள் காண்டல்
துவிதக் கோப்புக்களைக் கட்டளை வரியிற் படிக்கும் முறை பற்றிய ஒரு பாடம்

உறையின் மேலெழுதிய முகவரியைக் கண்டு உள்ளிருக்கும் கடிதத்தை அறிந்துவிட்டதாக எவரும் எண்ணார். ஆயினும் கணினியிற் கோப்பொன்றின் பெயரைக் கண்டதும் அதன் பொருளையும் அறிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகின்றோம். பெயர் பிழைத்தவிடத்துக் கோப்பே அழிந்ததெனக் கைவிடுவோரும் உளர். அங்ஙனம் கைவிடற்பாலதன்று என்பதை எமது அனுபவம் ஒன்றைக் கொண்டு இங்கு விளக்கப் புகுகின்றோம்.

கொஸ்லந்தையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வந்து பயின்ற பழைய மாணவர் ஒருவர், தம் தந்தையார் முன்னாளிற் கணினியிற் பதித்துவைத்த கோப்பொன்றை எம்மிடம் தந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுத்த லயத்துக் குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் அது. பல கைகள் மாறியதாற் பெயரின் ஈறு நீங்கியிருந்தது. எந்த மென்பொருளும் அதனைத் திறக்க மறுத்தது.

கோப்பு என்பது யாது? பைற்றுக்களின் வரிசையே கோப்பாம். ஒவ்வொரு பைற்றும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். அவ்வெண்கள் நேரே எழுத்துக்களைக் குறிப்பின் அதனை உரைக்கோப்பு என்பர். படம், ஒலி, ஆவணத்தின் அமைப்பு முதலியவற்றைக் குறிப்பின் துவிதக் கோப்பு என்பர். இதனைக் 'கேட்' என்னும் கட்டளையால் அப்படியே திரையிற் கொட்டுதல் தகாது. 220 மீற்றர் உயரத்தினின்று வீழும் தியலும நீரைச் சிரட்டையில் ஏந்த முயல்வதை அஃதொக்கும். திரையை ஆளும் குறியீடுகளும் அப்பைற்றுக்களிடையே கலந்திருத்தலால் திரையெழுத்தே உருமாறிவிடும். அங்ஙனம் நேரின் 'ரீசெற்' எனத் தட்டித் திரையைப் பழைய நிலைக்கு மீட்கலாம்.

முறையான கருவி 'ஓடி' என்பது. யூனிக்சின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற இக்கட்டளை இன்றும் வழங்குகின்றது. இயல்பாக எண்ம எண்களைத் தரும். வேண்டின் தசம எண்களையும் தரும். 'எக்ஸ்எக்ஸ்டி' என்னும் பிறிதொரு கருவி இடப்புறம் இட எண்ணையும், நடுவிற் பதினாறு பைற்றுக்களைப் பதினறும எண்களாகவும், வலப்புறம் படிக்கத்தக்க எழுத்துக்களையும் நிரல்படக் காட்டும். எக்கருவியாயினும் மூலக்கோப்பைத் தொடாது, படியொன்றை எடுத்து அதன்மேலேயே பயில்க. முதற் சில பைற்றுக்களை மட்டும் நோக்குதல் நன்று.

ஏனெனிற் பல்வகைக் கோப்புக்கள் தத்தம் குலத்தை முதலடியிலேயே கூறிவிடுகின்றன. 255, 216, 255 எனத் தொடங்குவது ஜேபெக் படம். 137, 80, 78, 71 எனத் தொடங்குவது பிஎன்ஜி படம். 37, 80, 68, 70 எனின் பிடிஎஃப் ஆவணம். 'ஃபைல்' என்னும் கட்டளை இத்தகைய அடையாளங்களை ஒப்புநோக்கியே கோப்பின் இனத்தைச் சொல்லும். எம்மிடம் வந்த கோப்பு 208, 207, 17, 224 எனத் தொடங்கிற்று. அது பழைய வேர்ட் ஆவணத்தின் அடையாளம். கோப்பு இறக்கவில்லை, பெயரையே இழந்திருந்தது.

இனிப் 'ஸ்ரிங்ஸ்' என்னும் கட்டளை. தேயிலைத் தொழிற்சாலையிற் சல்லடை தூளையும் இலையையும் பிரிப்பதுபோல, இது படிக்கத்தக்க எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்துத் தரும். இட்டுப் பார்த்தோம். ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் விரவிய பொருளற்ற தொடர்களே வந்தன. எனினும் 'என், எஃப், எச்' என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் அவை முறையே ஒற்றைக் கொம்பு, ககரம், கால் ஆகும், சேர்ந்தாற் 'கொ'. பின்னர் எழுத்து மாற்றம் எளிதாயிற்று.

ஆயினும் ஒரு குறை நின்றது. பட்டியலின் முடிவில் மொத்தம் 64 பேர் என்றிருந்தது. எமக்குக் கிடைத்தவர் 61 பேரே. காரணம் யாது? 'ஸ்ரிங்ஸ்' நான்கு எழுத்துக்குக் குறைந்த தொடரை இயல்பாகவே விட்டுவிடும். மணி, ராமு என்னும் பெயர்கள் பாமினியில் மும்மூன்று பைற்றுக்களே ஆதலாற் சல்லடையின் கண்வழி நழுவிப்போயின. எல்லையை இரண்டாகக் குறைத்தபோது குப்பையும் மிகுதியாக வந்தது. அதனிடையே விடுபட்ட மூவரும் வந்தனர். பெயர் குறுகியிருந்ததொன்றே அவர் மறைந்தமைக்குக் காரணம். கருவி தந்ததை முடிந்த முடிபாகக் கொள்ளாது எண்ணிச் சரிபார்த்தல் கற்றோர் கடன் என்பதை அன்று உணர்ந்தோம்.

யூனிக்கோட் எழுத்திற் பிறிதொரு நுட்பம் உண்டு. யூரிஎஃப் 8 முறையிற் ககரம் 224, 174, 149 என்னும் மூன்று பைற்றுக்களாகும். கண்ணுக்குக் 'கொஸ்லந்த' ஐந்தெழுத்தே. கோப்பிலோ ஒகரக் குறியும் இரு புள்ளிகளும் தனித்தனி எண்ணப்பட்டு எட்டுக் குறியீடுகள், 24 பைற்றுக்கள் ஆகின்றன. அவ்வொகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துப் பதிப்பின் 27 பைற்றுக்கள். திரையில் இரண்டும் ஒன்றே. பைற்றுக்களை மட்டும் ஒப்பிடும் தேடலிலோ ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. இவ்வெழுத்துக்களின் பைற்றுக்கள் யாவும் 127க்கு மேற்பட்டன. ஆகவே 'ஸ்ரிங்ஸ்' இயல்பான நிலையில் இவற்றைக் காட்டாது விடுதலும் உண்டு. ஒன்றும் தோன்றாமையால் ஒன்றும் இல்லையெனத் துணியற்க.

இஃதெல்லாம் வெறும் எண் விளையாட்டன்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாட் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திலோம். அத்தகைய நாளில், யார் யார் எங்கு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாய் எஞ்சுவது சிலவேளை ஒரு பட்டியலே. அதில் மூவர் குறைவது சிறு பிழையன்று.

மாணவ நண்பர்காள், இல்லம் சென்றதும் உங்கள் பெயரை மட்டும் ஒரு கோப்பிற் பதித்து 'ஓடி' கொண்டு அதன் பைற்றுக்களை எண்ணுங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு விளங்கும். பழைய மாணவர்காள், உங்கள் பேழைகளில் திறவாதென ஒதுக்கிய கோப்புக்கள் இருப்பின் எறிந்துவிடற்க. முதலில் அவற்றின் முதற் பதினாறு பைற்றுக்களை வினவுங்கள். அவை விடை கூறும்.